காலில்லாதது

முதலில் கால்களைப் பார்.
இல்லையென்றால் சரி என்று சொல்லவில்லை,
முதலில் பார், அவ்வளவுதான்.

நிலாவெளியில்
வாடைக்காற்று முறித்த தென்னைகளை
மூன்று நாளாய் அறுக்கிறோம்.
மெசின்வாள் நின்றால் கடல் கேட்கும்.
இன்னும் பொறுத்தால், மரத்துக்குள்
யாரோ கரும்பு மெல்லும் சத்தம்.

நிஸ்தார் கோடரியால் பிளந்தான்.
புளித்த கள் மணத்தது.
நாருக்குள் பதினொன்று,
கட்டைவிரல் பருமன்,
மண்ணிறத் தலை, வெண்ணெய் உடம்பு,
நடுவயிறு புடைத்து,
ஒரு காலும் இல்லாமல்.

“சிவப்புக் கூன்வண்டின் பிள்ளைகள்” என்றேன்.
“உனக்கெப்படித் தெரியும்?” என்றான் கதிராமன்.
பயிர்மருந்துக் கடையில் ஆறு வருசம்
கணக்கெழுதினேன்;
ஒவ்வொரு போத்தலிலும் ஒரு புழுவின் படம்.
கொல்வதற்காகத்தான் நான்
அவற்றின் முகங்களைப் படித்தேன்.

வெருகல் பக்கம் கதிராமனின் ஆட்கள்
தேனீக் குஞ்சுகளை வதையோடு மெல்லுவார்கள்.
அவனுக்குக் கூச்சமில்லை. சட்டியைக் கழுவினான்.

பொறு என்றேன்.
எருக்குவியலில் கிடக்கும் இன்னொன்று
அரிவாளாய் வளைந்து படுக்கும்,
நெஞ்சில் ஆறு கால்,
வயிறு முழுக்க மக்கிய சாணம்.
அது நஞ்சா, எனக்குத் தெரியாது.
தெரியாதது சட்டிக்கு வராது.
மயிருள்ளதைத் தொடவே வேண்டாம்.
எருக்கிலையில் வரிபோட்டுக்கொண்டு
பட்டப்பகலில் ஒளியாமல் இருப்பது
உன்னை விருந்துக்கு அழைக்கவில்லை.
அலரியில் பொய்க்கண் வரைந்து தொங்குவதும் அப்படியே,
செடியின் பால் அதன் வயிற்றில்.

“கோழிக்குப் போட்டுப் பாப்பமே” என்றான் நிஸ்தார்.
கோழி சாகும், அல்லது சாகாது;
இரண்டிலும் நமக்கு ஒன்றும் விளங்காது.

இவ்வளவும் கதைத்த பிறகுதான்
துண்டைப் புரட்டினோம்.
இடுப்பளவு உயரத்தில், பட்டையில்,
காசளவு வட்டம். சிமெந்து.
நகத்தால் சுரண்டினேன்.
உள்ளே சரிந்திறங்கும் துளை.

அந்தத் துளையை எனக்குத் தெரியும்.
அதற்குள் எத்தனை மில்லிலீட்டர் என்பது
என் கையெழுத்தில் எங்கோ ஒரு சிட்டையில் இருக்கும்.

வளவுக்காரருக்குப் போன் போட்டோம்.
கனடாவில் விடியவில்லை.
“மருந்து ஏத்தினது மெய்தான்,
போன வருசமோ அதுக்கு முதலோ.
ஏன் கேக்கிறியள்?”

கதிராமன் பதில் சொல்லாமல்
பதினொன்றையும் நெருப்பில் கொட்டினான்.
உயிரோடிருந்தன. கொழுத்திருந்தன.
பார்த்தால் ஒரு பிழையும் இல்லை அவற்றில்.

பக்கத்து வளவு மரியநாயகியின்
இரண்டு மரமும் விழுந்து கிடந்தன.
“மருந்தோ? அதுக்கு ஆரிட்டக் காசு?”
அவளுடைய இல்லாமை
எங்களுக்கு உத்தரவாதம்.
ஆனாலும் அடியிலிருந்து நுனிவரை
பட்டையைத் தடவிப் பார்த்தேன்.
ஒரு வட்டமும் இல்லை.

கிடைத்தது ஒன்பது.
கறுத்தது ஒன்று, அசையாதது இரண்டு,
விலக்கினேன்.
ஆறையும் தலை கிள்ளி, குடல் பிதுக்கி,
மஞ்சளும் உப்பும் போட்டு
நன்றாய் முறுகும்வரை விடச் சொன்னேன்.

நிஸ்தார் இது தன் வாய்க்கில்லை என்று
அசருக்குப் போனான்.
திரும்பி வந்து, என்ன ருசி என்று மட்டும் கேட்டான்.
“முத்தின தேங்காய்ப்பூ” என்றான் கதிராமன்,
கண்ணை மூடிக்கொண்டு.

“நீ?”

துறைமுகத்துப் பிள்ளை நான்,
இறால் தின்றால் உதடு வீங்கும்.
ஒருதரம் தொண்டையும் அடைத்து
பெரியாஸ்பத்திரியில் விடியவிடியக் கிடந்தேன்.
கடலில் காலுள்ளது,
மரத்தில் காலில்லாதது;
என் தொண்டைக்கு இரண்டும்
ஒரு வீட்டுப் பிள்ளைகளாயிருக்கக்கூடும்.
படத்தில் அது போட்டிருக்கவில்லை.

பாணும் சம்பலும் தின்றேன்.
சட்டியில் எண்ணெய் இன்னும் வெடித்தது.
அடுத்த மரத்தில் வாள் படுமுன்
காதை வைத்தேன்.